சர்க்கரை இறங்கினால் மரியாதை ஏறும்

"என்னது இது?"

நாத்தனார் தூக்கிப் பிடித்திருந்தது ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. துணி துவைக்கும் சோப்புத் தூளுக்குப் பின்னால், பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தது. கையில் பட்ட மையைக் கழுவச் சோப்பு தேடினாளாம்! தேடினாளோ, சோதனை போட்டாளோ, அது அவளுக்கே வெளிச்சம். மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று சர்க்கரை.

வெள்ளிக்கிழமை, மணி காலை ஆறே முக்கால். அடுப்பில் பால் பொங்கியது. மருமகள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அதற்குள் பாதிப் பால் மேடையில் வழிந்துவிட்டது.

"உன்னைத்தான் கேக்கறேன். எங்கப்பா சர்க்கரைக்காரர். இந்த வீட்டுல ஒரு துளி சர்க்கரை இருக்கக் கூடாதுன்னு சொல்லி எட்டு மாசம் ஆச்சு. சோப்புத் தூளுக்குப் பின்னாடி இதுக்கு என்ன வேலை? துணிக்குப் போடறியா?"

"இல்ல அண்ணி... அது வந்து..."

"வந்து போயி எல்லாம் வேண்டாம். நேரா பதில் சொல்லு!"

நாத்தனார் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. அந்தத் தலைமையைப் பள்ளிக்கூட வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரக்கூடாதா? மாட்டாள். இரண்டு தெரு தள்ளி, பள்ளிக்கூடம் கொடுத்த வீட்டில் தனியாக இருந்தாள். தினமும் காலையில் இங்கே வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். பால்காரர் எழுதி வைத்துப் போன சீட்டில்கூட எழுத்துப் பிழை திருத்துவாள். பள்ளிப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'சிவப்பு மை'. பெற்ற அப்பாவே அப்படித்தான் கூப்பிட்டார் என்றால் பாருங்கள்.

ஆனால் அவளை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. அம்மா இறந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு ஆறு. வந்த வரன்களையெல்லாம், "தம்பி தலையெடுக்கட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவள். தம்பி தலையெடுத்து லிஃப்ட் மெக்கானிக் ஆகிக் கல்யாணமும் செய்துகொண்டான். அதற்குள் வரன்கள் வருவது நின்றுவிட்டது. அந்த நன்றியும் பயமும் சேர்ந்து, அக்காவுக்கு முன்னால் அவன் வாயே திறக்க மாட்டான்.

மருமகளோ கேக் அலங்காரம் செய்கிறவள். கேக்கின் மேல் சர்க்கரையில் பூ வைப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. ஆர்டர் குவிந்தது. போன வருஷம் மாமனாருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து அவர் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, கேக் அடுப்பை எதிர்வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். "சர்க்கரைக்காரர் இருக்கற வீட்டுல சர்க்கரை வாசனை எதுக்கு?" என்று அவளேதான் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவும் இல்லை, அது வேறு விஷயம்.

இப்போது அவளைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி!

"இந்தா, இதைப் பாரு." நாத்தனார் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, மேஜையில் விரித்தாள். மாமனாரின் சர்க்கரை அளவு, வேளைக்கு வேளை, கட்டம் கட்டி எழுதியிருந்தது. "திங்கள் நல்லா இருக்கு. புதன், வியாழன் நல்லா இருக்கு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் முன்னூத்தி எழுபத்தொண்ணு! போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் முன்னூத்தி அறுபது! மூணு வாரமா இதே கதை. செவ்வாய், வெள்ளி யாரு அப்பாவைச் சொட்டு ஏத்தக் கூட்டிட்டுப் போறது?"

"நான்தான்..."

"திரும்பி வர்ற வழியில என்ன இருக்கு?"

"பேக்கரி இருக்கு. ஆனா அண்ணி..."

"அவ்வளவுதான். கணக்கு முடிஞ்சுது."

சொட்டு என்றால் 'வைட்டமின் சி' சொட்டு. வாயில் போட்டுக்கொள்ளும் ஒற்றை மாத்திரை இல்லை; அதைப்போல நூறு மாத்திரை அளவை ஒரே மூச்சில் ரத்தத்தில் ஏற்றும் வைத்தியம். நாத்தனார்தான் தேடிப் படித்துக் கண்டுபிடித்தாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், "எங்க வைத்தியத்தோட சேர்த்து வேணா போட்டுக்குங்க, இதுக்குப் பதிலா அதுன்னு போயிடாதீங்க. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினார். சொட்டு ஏற்றும் இடத்து இளம் டாக்டர் பொறுமையாக விளக்கினார். வைட்டமின் கொஞ்சமாக இருந்தால் உடம்பைத் துருப்பிடிக்காமல் காக்குமாம். அதையே அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏற்றினால் வேலை தலைகீழாகி, மிச்சமுள்ள கட்டியைச் சுற்றிப் பெராக்ஸைடு உண்டாக்கி அதை அரிக்குமாம். அப்படி ஒரு நம்பிக்கை, நிரூபணம் இன்னும் பாக்கி என்றார்.

மாமனாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்த்தவர். "நாங்க காலம் பூரா துருவை எடுத்தோம். இவங்க காசு வாங்கிட்டுத் துருவை ஏத்தறாங்க. நல்ல பொழைப்பு!" என்று சொல்லி, நர்ஸுகளையெல்லாம் சிரிக்க வைத்தார்.

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு," என்றாள் நாத்தனார். "அப்பாவுக்கு நீ சர்க்கரை குடுத்தியா, இல்லையா?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லையே அவளுக்கு!

"குடுத்தேன் அண்ணி. ஒரே ஒரு தடவை... போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம். சர்க்கரைத் தண்ணி. அவசரத்துக்குன்னுதான் அந்த டப்பா."

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய கணவன் அப்படியே நின்றான். "குடுத்தியா...? நீயா?"

"வேர்த்துக் கொட்டுச்சுங்க. கை நடுங்கிச்சு. அது சர்க்கரை இறங்கின மாதிரியே இருந்துச்சு. குடுத்த பத்தாவது நிமிஷம் தெளிஞ்சுட்டாரு. சத்தியமா..."

"மெஷின்ல முன்னூத்தி எழுபத்தொண்ணு!" நாத்தனார் மேஜையைத் தட்டினாள். "நீயேதானே எழுதியிருக்க! முன்னூத்தி எழுபத்தொண்ணு இருக்கற மனுஷனுக்கு இறங்கிடுச்சுன்னு சர்க்கரை குடுத்தியா? யார்கிட்ட கதை விடற?"

மெஷின் சொன்னதும் உண்மை, அவள் கண்ணால் பார்த்ததும் உண்மை. இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாகும் என்று மூன்று நாளாக அவளும் மண்டையைப் பிய்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"யாரு அது, என் மேனேஜரை அழ வைக்கிறது?" உள் அறையிலிருந்து மாமனார் கத்தினார். மருமகளை அவர் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார். "ஏய் சிவப்பு மை! பள்ளிக்கூடத்துக்கு நேரமாகலையா உனக்கு?"

"அப்பா, செவ்வாய்க்கிழமை இவ உங்களுக்குச் சர்க்கரை குடுத்தாளா?"

"செவ்வாய்க்கிழமையா? ஒண்ணும் ஞாபகம் இல்லியே... இனிப்பு குடுத்திருந்தா அதை எப்படி மறப்பேன் நான்?"

ஆதரவாகச் சாட்சி சொல்ல வந்தவர் ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டார்!

நாத்தனார் சர்க்கரை டப்பாவைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள். "கேட்டுக்குங்க எல்லாரும். சர்க்கரை டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டேன். நம்பரெல்லாம் படிச்சுக் காட்டினேன். காலை இன்சுலின் ஊசியில ஆறு யூனிட் கூட்டச் சொல்லிட்டார். அப்படியும் முன்னூத்தம்பதைத் தாண்டினா இன்னும் பத்து. இன்னிக்கு ஊசி நான் போடறேன், சொட்டுக்கும் நானே கூட்டிட்டுப் போறேன். லீவு சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை அப்பா என் வீட்டுக்கு வந்துடுவார்."

"அண்ணி... அப்படிச் சொல்லாதீங்க. மாமாவை என்கிட்டேருந்து பிரிச்சுடாதீங்க..."

"நீ சர்க்கரைத் தண்ணி குடுத்துட்டு இரு, நான் பார்த்துட்டு இருக்கணுமா?"

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவளுக்கு அவ்வளவு வலித்தது இல்லை. அப்பா இல்லாமல் வளர்ந்தவள் அவள். இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் சாப்பிட்டியா என்று ஒரு பெரிய மனிதர் அவளைக் கேட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேடையில் கொட்டிய பாலைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அப்பாவும் மகளும் திரும்பி வந்தார்கள். நாத்தனார் அவரை ஒரு நொடிகூடக் கண்ணை விட்டு அகற்றவில்லையாம். கழிவறை வாசலில்கூட நின்றாளாம்! பேக்கரி இருக்கிற தெரு வழியாக வண்டியையே விடவில்லை. கணவனும் மனசு கேட்காமல் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சுவரில் சாய்ந்து நின்றான்.

நாத்தனார் மெஷினை எடுத்தாள். விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் தொட்டாள். மெஷின் 'பீப்' என்றது.

முந்நூற்று எண்பத்தாறு.

"அது எப்படி...?" அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "நான் கூடவேதானே இருந்தேன்?" என்றவள் சந்தேகம் தீராமல் அப்பாவின் சட்டைப் பையைத் துழாவினாள். ஒரு கைக்குட்டையும் பல் குத்தும் குச்சியும் வந்தன.

"சரி. எப்படி ஏறிச்சுன்னு அப்புறம் பார்ப்போம். ஏறினது ஏறினதுதான். பத்து யூனிட் போட்டுடறேன்." ஊசியை எடுத்து மருந்தை இழுத்தாள்.

அப்போதுதான் மாமனார் மகளை நிமிர்ந்து பார்த்து, மிருதுவாகக் கேட்டார். "நீங்க சாப்பிட்டீங்களா? காலையிலேருந்து எனக்காக அலையறீங்க... தயவு செஞ்சு உட்காருங்க."

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியாடா தம்பி? அப்பா எவ்வளவு பணிவாப் பேசறார்! ஒரே நாள் நான் பார்த்துக்கிட்டதுக்கு..."

மருமகளோ மாமனாருக்கு அருகில் ஓடி வந்தாள். மாமா சர்க்கரை இறங்கினால் மரியாதை ஏறுகிற ஆசாமி! நல்ல நிலையில் இருந்தால் வாய்க்கு வாய் வசவு. தெய்வத்தையே வாடா போடா என்பார். அவர் வாயிலிருந்து 'நீங்க' வந்தால் உடம்பில் சர்க்கரை இல்லை என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் அவளிடம், "அம்மணி, தங்களுக்குச் சிரமம் குடுக்கறேன்" என்றார். கூடவே இருந்து சோறு போட்டு, ஊசி போட்டு, திட்டு வாங்கியவளுக்குத்தானே இது தெரியும்? நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று வேர்த்திருந்தது.

"அண்ணி, ஊசி போடாதீங்க!"

"கையை எடு."

"போடாதீங்கன்னு சொல்றேன்! இறங்கிக்கிட்டு இருக்கு அண்ணி... டப்பாவைக் குடுங்க."

"மெஷினை நம்பறதா, உன்னை நம்பறதா?"

"இன்னிக்கு ஒரு நாள் என்னை நம்புங்க!"

நாத்தனாரின் கையிலிருந்த ஊசியை அவள் பிடுங்கினாள். ஒன்பது வருஷமாக எதிர்ப்பேச்சு பேசாத பெண்! பிடுங்கியதைக் குப்பை வாளியில் எறிந்துவிட்டு, மேஜையிலிருந்த கைப்பையை எடுத்து அப்படியே கவிழ்த்தாள். சாவி, கண்ணாடிக் கூடு, சிவப்புப் பேனா, காகிதங்கள் எல்லாம் தரையில் சிதறின. டப்பாவும் உருண்டது.

"என்னங்க... முனையில இருக்கற ரத்தப் பரிசோதனைக்கார அம்மாவைக் கூட்டிட்டு வாங்க! கை நரம்புலேருந்து ரத்தம் எடுக்கணும்னு சொல்லுங்க. ஓடுங்க!"

லிஃப்ட் மெக்கானிக் வாழ்க்கையில் முதல் தடவையாக, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே ஓடினான்.

"நீ பெரிய புத்திசாலின்னு நினைப்பா?" நாத்தனார் அழுகையும் கோபமுமாகக் கத்தினாள். "அப்படின்னா அந்தம்மா வர்ற வரைக்கும் பொறு! ரத்தம் எடுக்கட்டும். நீ சொல்றது நிஜமா பொய்யான்னு தெரிஞ்சுடும். இப்பவே சர்க்கரையைக் குடுத்துட்டா, அப்புறம் ரத்தத்துல சர்க்கரை இருக்கத்தானே செய்யும்? உன் பேச்சை எவ நம்புவா?"

உண்மைதான். பத்து நிமிஷம் பொறுத்தால் அவள் குற்றமற்றவள் என்று காகிதத்தில் அச்சடித்து வரும். பொறுக்காமல் கொடுத்தால் கடைசி வரைக்கும் சர்க்கரைக் கள்ளி என்ற பெயர்தான். ஞாயிற்றுக்கிழமை மாமாவும் போய்விடுவார்.

அவள் டம்ளரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கினாள்.

"யாரும் நம்ப வேண்டாம் அண்ணி. எனக்குப் பேரு போனா போகட்டும். மாமா இருந்தா போதும்." அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு டம்ளரை வாயில் வைத்தாள். "குடிங்க மாமா... மெதுவா..."

"மிக்க நன்றி," என்றார் மாமனார்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பரிசோதனைக்கார அம்மா பெட்டியோடு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். கால் மணி நேரம் கழித்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏண்டா தடிமாடு, எதுக்குடா சுவத்துல சாஞ்சுக்கிட்டு நிக்கற? சுவரு விழுந்துடும்னு பிடிச்சுக்கிட்டு இருக்கியா? ஏய் சிவப்பு மை, என்ன பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க?"

மருமகள் அழுதுகொண்டே சிரித்தாள். திட்டிவிட்டார்! பிழைத்துவிட்டார்!

அடுத்த கொஞ்ச நேரத்தில் பரிசோதனைக்கார அம்மா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "எழுபத்தொண்ணு! சர்க்கரைத் தண்ணி குடிச்சதுக்கு அப்புறமே எழுபத்தொண்ணுதான் இருக்கு. அதுக்கு முன்னாடி எவ்வளவு கீழ இருந்துச்சோ! அதே ரத்தத்துல ஒரு சொட்டை விரல் குத்தற மெஷின்ல வெச்சுப் பார்த்தேன், நானூத்தி ரெண்டு காட்டுது. இன்னிக்கு இவருக்கு வைட்டமின் ஏத்தினீங்களா?"

"ஆமா," என்றாள் நாத்தனார்.

"அதான் பார்த்தேன். இந்தப் பட்டைக்குச் சர்க்கரையை அடையாளமே தெரியாது. சர்க்கரை எலக்ட்ரானைக் கழட்டிக் குடுக்கும், அந்தக் கரண்டை மெஷின் எண்ணிச் சொல்லும், அவ்வளவுதான். வைட்டமினும் அதே மாதிரி எலக்ட்ரானைக் கழட்டிக் குடுக்கற சாமான். எது குடுத்ததுன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? ரெண்டையும் சேர்த்துச் சர்க்கரைன்னு எண்ணிடுச்சு!"

"அட!" மாமனார் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "முலாம் தொட்டியில அழுக்கு கலந்தாலும் கரண்டு ஏறத்தான் செய்யும். மீட்டர் முள்ளு ஆடுதேன்னு நம்பினா முலாம் கெட்டுப்போகும். இது தெரியாமலா முப்பத்தெட்டு வருஷம் பட்டறையில இருந்தேன்?"

"சொட்டு ஏத்தற இடத்துல இதை எழுதிக் குடுத்திருப்பாங்களே," என்ற பரிசோதனைக்கார அம்மா குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த காகிதங்களில் ஒன்றை எடுத்தாள். "இதோ இருக்கே! யாரோ சிவப்பு மையில வட்டம்கூடப் போட்டு வெச்சிருக்காங்க."

கணவன் அதை வாங்கி உரக்கப் படித்தான். "'சொட்டு ஏற்றிய நாளில் விரல் குத்தி பார்க்கும் சர்க்கரை அளவை நம்ப வேண்டாம்.'" அவன் நிறுத்தினான். "குத்திக்கும் பார்க்கும்-க்கும் நடுவுல ஒரு 'ப்' போட்டிருக்கு அக்கா... உன் எழுத்து."

எல்லோரும் அந்தக் காகிதத்தைப் பார்த்தார்கள். ஒற்றுப்பிழை திருத்தியிருந்தது. பக்கத்தில் 'கவனம் தேவை' என்றும் எழுதியிருந்தது! பிழையைப் படித்தவள் விஷயத்தைப் படிக்கவில்லை. அந்த வரியின் மேலேயே பேனாவை வைத்துவிட்டு, அதைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

"நான்... காலையில ஆறு யூனிட் கூட்டிப் போட்டது நான்..." நாத்தனாரின் உதடு துடித்தது. "இன்னும் பத்து போட இருந்தேனே... நீ பிடுங்கலைன்னா எங்கப்பாவை என் கையாலேயே... ஐயோ!" அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பள்ளிக்கூடமே பார்த்து நடுங்கும் தலைமையாசிரியை!

கணவன் மனைவியின் எதிரில் வந்து நின்றான். "நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன். காலையில ஒரு வார்த்தை உனக்காகப் பேசியிருக்கணும் நான்..."

"பேசியிருக்கணும்தான்," என்றாள் அவள். "அது வலிச்சுது. இல்லைன்னு சொல்ல மாட்டேன். டாக்டருக்கு போன் போட்டு, சொட்டு விஷயத்தையும் சொல்லி, காலை ஊசி எவ்வளவுன்னு கேளுங்க முதல்ல. வலியெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

அவன் போனை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அவள் நாத்தனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அழாதீங்க அண்ணி. உங்க அப்பா மேல இருக்கற பாசத்துலதானே செஞ்சீங்க..."

"பாசம் மட்டும் இல்லடி." முதல் தடவையாக அந்த 'டி' வந்தது. நாத்தனார் முகத்தைத் துடைக்காமலே சொன்னாள். "மறைச்சு என்ன பண்ணப் போறேன்... உன் மேல தப்பு இருந்தா நல்லா இருக்கும்னு எனக்குள்ள ஒரு ஆசை இருந்துச்சு. தப்பு இருந்தா அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமில்ல? சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுப் போய்ப் பூட்டைத் திறந்தா, வீட்டுக்குள்ள ஒரு சத்தம் கிடையாது. வந்துட்டியான்னு கேக்க ஒரு ஆள் கிடையாது. இங்க அப்பாவும் நீயும் சண்டை போட்டுச் சிரிக்கறது தெரு வரைக்கும் கேக்கும். கேட்டுக்கிட்டே நடந்து போவேன்... பொறாமைதான், வேற என்ன? என்னை மன்னிச்சுடு."

மருமகளுக்குக் காலையிலிருந்து நெஞ்சில் அடைத்திருந்தது என்னவோ கரைந்தது. இந்தப் பெண்மணியை ஒன்பது வருஷமாக அதிகாரியாகவே பார்த்துவிட்டோமே, ஒரு நாளாவது நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்டோமா என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"இதைச் சொல்ல ஒன்பது வருஷமா அண்ணி? மாமாவை அங்க கூட்டிட்டுப் போறதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு? நீங்க இங்க வந்துடுங்களேன்."

"நானா... இங்கயா? நான் இருந்தா உனக்கு நிம்மதி இருக்குமா?"

"இருக்காது," என்றாள் மருமகள். "தினமும் சண்டை வரும். இந்தத் தடவை நானும் பதிலுக்குப் போடுவேன், சொல்லிட்டேன்!"

நாத்தனார் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார்கள். நடுவில் எங்கேயோ அது சிரிப்பாக மாறிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் நாத்தனார் தன் வீட்டிலிருந்து துணிமணிகளைக் கொண்டு வரச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல் வரை போனவளை மருமகள் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"அண்ணி... சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுங்க."